கண்ணீரும் கண்நோயும்



“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்பது நம் பெரியோர் வாக்கு. வாய் திறந்து பேச அறியாத குழந்தை தன் பசியை அழுகையால் அறிவிக்கிறது. தாய் அக்குறிப்பை உணர்ந்து பாலூட்டுகிறாள். கண்ணீர் ஒரு மொழி என்பதை நம்மவர் நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றனர். நீலிக் கண்ணீர் என்றும், ஆனந்தக் கண்ணீர் என்றும் அதன் வகைகளைப் பிரித்துப் பெயரிட்டும் வைத்திருக்கின்றனர்.

ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது துயரத்திலும் மகிழ்ச்சியிலும் கன்னத்தில் வழியும் கண்ணீரை அன்று. விழித்திருக்கும் பொழுதெல்லாம், நாம் நினையாமலே, இமைக்குந்தோறும் கண்ணின்மீது மெல்லிய படலமாகப் பரவி நிற்கும் ஈரம் ஒன்று உண்டு. அந்த ஈரத்துக்கும் ஒரு மொழி உண்டு; கண்ணில் நோய் தோன்றும்போது அதன் உட்பொருள்கள் மாறுகின்றன; அம்மாற்றத்தைப் படிக்கத் தெரிந்தால், நோய் முற்றுவதற்கு முன்னரே அதனை அறியலாம் என்பது இக்கால அறிவியலார் கொண்டுள்ள நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யாகியிருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருக்கிறது என்பதையே இப்பேச்சில் ஆராய்வோம்.

பெங்களூர் நகரில் ஓசூர்ச் சாலையை ஒட்டி அடுகோடி என்னும் பகுதி இருக்கிறது. தமிழ் மக்கள் பலர் வாழும் இடம் அது. அங்கே பாலைப் பற்றி ஆராயும் பழைமையான நிலையம் ஒன்று உண்டு. 1923-ஆம் ஆண்டில் கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்கும் உரிய அரசாங்க நிறுவனமாக அமைந்தது அது. 1927-இல் காந்தியடிகள் உடல்நலம் தேறும்பொருட்டுப் பெங்களூரில் தங்கியிருந்தபோது இந்நிறுவனத்துக்கு வந்து பசு வளர்ப்பைப் பற்றிக் கற்றறிந்தார். 1955-இல் நிறுவனத்தின் தலைமையிடம் வடக்கே கர்னாலுக்கு மாற்றப்பட்டது. அடுகோடியில் இருப்பது தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம்.

கண்ணீரைப் பற்றிய பேச்சில் பால் நிலையத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் வினவக்கூடும். இரண்டு காரணங்கள் உள. பசுவின் மடியில் அழற்சி தோன்றினால், மடி வெளிப்பட வீங்குவதற்கு முன்பே அதன் பாலின் தன்மை மாறிவிடுகிறது. பாலைச் சோதித்து மடிநோயை முன்கூட்டியே அறிவது பால் தொழிலில் வழக்கமாகிவிட்ட ஒன்று. மடியைப் பற்றிப் பால் சொல்வதைப் போலவே, கண்ணைப் பற்றிக் கண்ணீர் சொல்கிறது. இது முதற் காரணம். பாலில் உள்ள லாக்டோஃபெரின் என்னும் புரதம் கண்ணீரிலும் நிறைய உண்டு என்பது இரண்டாவது காரணம். அதன் பெயரிலேயே பாலும் இரும்பும் அடங்கியிருக்கின்றன. கிருமிகள் வளர்வதற்கு இரும்புச் சத்து வேண்டும். லாக்டோஃபெரின் அவ்விரும்பைத் தானே பற்றிக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடுகிறது. கன்றின் வயிற்றையும் நம் கண்ணையும் இயற்கை ஒரே காவற்காரனைக் கொண்டு காக்கிறது.

அடுகோடியினூடே செல்லும் அதே ஓசூர்ச் சாலையில் தெற்கே சென்றால் பொம்மசந்திரம் வரும். அங்கு நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. டாக்டர் கே. புஜங்க ஷெட்டி 1982-இல் பெங்களூரில் தொடங்கிய மருத்துவமனை அது. மனிதரின் கண்ணீரைத் திரட்டி, அதிலுள்ள புரதங்களை அளந்து, அவற்றை நோயோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பணி நம் நாட்டில் ஊக்கமாக நடைபெறும் இடங்களுள் ஒன்று இக்கூடம். அங்குச் செய்தவற்றைக் கூறுமுன், கண்ணீர் என்பது யாது என்பதைச் சற்றுத் தெளிந்துகொள்வோம்.

கண்ணீர் வெறும் உப்புநீர் அன்று. கண்ணின்மேல் பரவிய படலத்தில் நீரும் நெய்யும் பசையும் கலந்திருக்கின்றன. இமை ஓரங்களில் உள்ள சிறு சுரப்பிகள் நெய்ப்பொருளைத் தருகின்றன. அது மேலே மிதந்து, நீர் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது. மேலிமைக்குப் பின்னால், புருவத்தின் வெளிக்கோடியருகே அமைந்த கண்ணீர்ச் சுரப்பி நீரையும் புரதங்களையும் தருகிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு வழுவழுப்பான பசையைத் தருகிறது. அது ஈரத்தைக் கண்ணோடு ஒட்டி நிற்கச் செய்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கண் உறுத்தத் தொடங்கும்.

ஒரு கண்ணில் ஒரு நேரத்தில் நிற்கும் கண்ணீரின் அளவு ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர்தான். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு லிட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நாம் கண்ணில் விடும் மருந்தின் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை இருக்கும் என்றால், கண்ணீரின் சிறுமை விளங்கும். இத்துணைச் சிறிய நீரில் எத்துணைப் பொருள்கள்! 2012-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கண் ஆராய்ச்சியாளர்கள் நலமுடையோரின் கண்ணீரை ஆராய்ந்து, அதில் 1,543 புரதங்களை இனங்கண்டு வெளியிட்டனர். அவற்றுள் லைசோசைம், லாக்டோஃபெரின், லிப்போகாலின், சுரப்பு நீர்களுக்குரிய ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் ஆகிய நான்குமே மிகுதியானவை. ஏனையவை மிக மிகச் சிறிய அளவில் இருப்பவை. ஆயினும் நோயைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அச்சிறியவற்றிலேதான் ஒளிந்திருக்கிறது.

இந்நால்வருள் லைசோசைம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சுவையானது. பெனிசிலினைக் கண்டறிந்து புகழ் பெற்ற அலெக்சாந்தர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1922-இல் லைசோசைமைப் பற்றி எழுதினார். மூக்கில் ஒழுகும் சளியில் கிருமிகளைக் கரைக்கும் பொருள் ஒன்று இருப்பதை முதலில் கண்டார். பிறகு கண்ணீரில் அது மிகுதி என்று அறிந்தார். ஆராய்ச்சிக்கு வேண்டிய கண்ணீரைப் பெறுவதற்காக, உடன் உழைத்தோரின் கண்களில் எலுமிச்சையைப் பிழிந்தார் என்பர். பிறர் கண்ணீரைக் கொண்டு பிறர் கண்ணைக் காக்க முயன்ற வரலாறு அங்கே தொடங்கிற்று.

இனி, நோய் வந்தால் கண்ணீரின் புரதங்கள் ஏன் மாற வேண்டும்? புரதம் என்பது உடல் அணுக்கள் தம் தொழிலுக்காகச் செய்துகொள்ளும் கருவி. அணுவுக்கு வேலை மாறினால் அது செய்யும் கருவியும் மாறும். சுரப்பி நலிந்தால், அது தரும் லாக்டோஃபெரினும் லைசோசைமும் குறையும். கருவிழியின் மேற்புறம் காயப்பட்டால், அழற்சியைத் தூண்டும் புரதங்கள் மிகும். இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்தால், இரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் கண்ணீரில் கசியும். இவ்வாறு நோயின் இருப்பை அல்லது அதன் போக்கைக் காட்டிக்கொடுக்கும் பொருளையே மருத்துவர் பயோமார்க்கர் என்கின்றனர். நாம் அதனை அடையாளப் பொருள் என்று அழைப்போம். நீரிழிவு நோய்க்கு இரத்தத்தின் சர்க்கரை எவ்வாறு அடையாளமோ, அவ்வாறே கண்நோய்க்குக் கண்ணீரில் அடையாளம் தேடுகின்றனர்.

கண்ணீரைத் திரட்டும் முறை எளிது. 1903-ஆம் ஆண்டில் ஷிர்மர் என்னும் ஜெர்மன் மருத்துவர் வகுத்த சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. வடிதாளினால் ஆன 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு துண்டின் ஒரு முனையை மடித்துக் கீழிமையின் உட்புறம் மாட்டிவிடுவர். 5 நிமிடங்களில் தாள் எவ்வளவு நனைகிறது என்று அளப்பர். கண்ணீர் போதுமா, போதாதா என்பதைக் காட்டுவதற்காக ஏற்பட்ட அத்தாளே இன்று புரத ஆராய்ச்சிக்கும் துணையாகிறது. நனைந்த தாளைக் கடுங்குளிரில் வைத்துக் காத்து, பின்னர் ஓர் உப்புக் கரைசலில் ஊறவைத்தால், அதில் தோய்ந்த புரதங்கள் வெளிவரும். அவற்றை எதிர்ப்பொருள்களின் துணையால் ஒவ்வொன்றாக அளக்கலாம். நிறமாலைக் கருவியில் இட்டு எடையால் பிரித்து, நூற்றுக்கணக்கானவற்றை ஒருங்கே இனங்காணவும் செய்யலாம். ஊசி இல்லை, கத்தி இல்லை, குருதி சிந்துவதில்லை. இதுவே கண்ணீர்ச் சோதனையின் பெருஞ்சிறப்பு. கண்ணின் பகுதிகளைச் சதையெடுத்துச் சோதிப்பது எளிதன்று. அங்ஙனம் எடுத்தால் பார்வைக்கே ஊறு நேரக்கூடும். கண்ணீரோ தானே வெளிவந்து நிற்கிறது.

முதலில், எங்கும் பெருகிவரும் உலர்கண் நோயை எடுத்துக்கொள்வோம். ஓசூர்ச் சாலையின் இருமருங்கிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் உள்ளன. தெற்குக் கோடியில் எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் கணினித் தொழில் நகரம் இருக்கிறது. நுண்ணிய தையலையோ ஒளிரும் திரையையோ மணிக்கணக்கில் உற்றுநோக்கும் கண் இமைப்பதை மறந்துவிடுகிறது. இமைப்பு குறைந்தால் ஈரம் ஆவியாகிறது. எஞ்சிய நீரில் உப்பு மிகுகிறது. அவ்வுப்பு அணுக்களை உறுத்தி அழற்சியை எழுப்புகிறது. அழற்சி சுரப்பியை மேலும் நலிவிக்கிறது. இவ்வாறு நோய் வட்டமிட்டுச் சுழல்கிறது. அழற்சி எழும்போது கண்ணீரில் மிகும் புரதங்களுள் ஒன்றை எம்.எம்.பி.-9 என்பர். உடலின் இணைப்புத் தசைகளைச் சிதைக்கும் தொழில் உடையது அது. நலமுள்ள கண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமுக்கு மேல் அது இருப்பதில்லை என்று கொண்டு, அந்த எல்லையைக் கடந்தால் சிவப்புக் கோடு காட்டும் சிறு கருவியை அமெரிக்காவில் செய்தனர். 2013-இல் அந்நாட்டு அரசாங்கம் அதற்கு அனுமதி அளித்தது. கீழிமையின் உட்புறத்தில் மெல்லத் தொட்டு எடுத்தால் 10 நிமிடங்களில் விடை கிடைக்கிறது. உறுத்துகிறது என்று வருவோருள் அழற்சி உள்ளவர் யார், நீர் மட்டும் குறைந்தவர் யார் என்று பிரித்தறிய இது துணைசெய்கிறது. முன்னவர்க்கு அழற்சியைத் தணிக்கும் மருந்து வேண்டும். பின்னவர்க்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டே போதியதாகலாம்.

உலர்கண் தொல்லை தருவது. ஆயினும் பெரும்பாலோர்க்குப் பார்வையைப் பறிப்பதில்லை. பறிக்கக்கூடிய நோய்க்கு இனி வருவோம். கெரட்டோகோனஸ் என்று மருத்துவர் கூறுவதைக் கூம்புக் கருவிழி எனலாம். கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரக் கண்ணாடி போல் உருண்டு தெளிந்து நிற்க வேண்டிய கருவிழி, இந்நோயில் மெலிந்து, உட்கண்ணின் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் கூம்பாகப் பிதுங்குகிறது. பத்து வயதுக்கு மேல், இருபதுகளின் நடுவரை உள்ள இளம்பருவத்திலேதான் இது பெரும்பாலும் தோன்றி வளர்கிறது. கரும்பலகை தெரியவில்லை என்று மாணவன் சொல்கிறான், கண்ணாடி மாற்றுகின்றனர், ஆறு திங்களில் மீண்டும் மாற்றுகின்றனர், ஒவ்வொரு முறையும் சாய்பார்வை கூடிக்கொண்டே போகிறது. பெற்றோர் இதைச் சாதாரணக் கிட்டப்பார்வை என்று எண்ணியிருக்க, கருவிழி நாளுக்கு நாள் மெலிகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் எடுத்த கணக்கு 1986-இல் வெளிவந்தது. அதன்படி ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. நம் நாட்டில் நாக்பூரை அடுத்த சிற்றூர்களில் 30 வயதைக் கடந்தோரைச் சோதித்து, 2009-இல் வெளியிட்ட கணக்கிலோ நூற்றுக்கு 2.3 பேருக்குக் கருவிழி அளவுக்கு மீறி வளைந்திருக்கக் கண்டனர். கணக்கெடுத்த முறைகள் வேறு வேறாயினும், நம்மவரிடையே இந்நோய் அருகியது அன்று என்பது தெளிவு.

கருவிழியின் வலிமை கொலாஜன் என்னும் புரத இழைகளில் இருக்கிறது. அவ்விழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் தொழில் லைசில் ஆக்ஸிடேஸ் என்னும் நொதிக்கு உரியது. இழைகளைச் சிதைக்கும் தொழில் நாம் முன்னர்க் கூறிய எம்.எம்.பி.-9 போன்றவற்றுக்கு உரியது. ஒரு வீட்டில் கொத்தனார் சுவரெழுப்ப, மறுபுறம் ஒருவர் பழுதான பகுதியை இடித்துக்கொண்டிருப்பதைப் போல, இவ்விரண்டும் நலமுள்ள கண்ணில் சமநிலையில் நடக்கின்றன. கொத்தனார் சோர்ந்து, இடிப்பவர் ஓங்கினால் சுவர் என்ன ஆகும்?

நாராயண நேத்ராலயாவின் ரோஹித் ஷெட்டி, அர்க்கசுப்ர கோஷ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளில் இந்த வினாவுக்கு விடை காணலாம். கூம்புக் கருவிழி உடையோரின் கருவிழி மேற்படலத்தில் லைசில் ஆக்ஸிடேஸ் குறைந்திருந்தது. நோய் முற்ற முற்ற அக்குறைவும் கூடிற்று. மற்றொருபுறம், அவர்களது மேற்படலத்திலும் கண்ணீரிலும் எம்.எம்.பி.-9 மிகுந்திருந்தது. அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் சொட்டு மருந்தை விட்டு வந்தபோது, கண்ணீரில் அந்த எம்.எம்.பி.-9 குறைந்தது. இந்நோயில் அழற்சியே இல்லை என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறி வந்தன. கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை. ஆதலால் அங்ஙனம் எண்ணினர். கண்ணுக்குப் புலனாகாத அந்த அழற்சியை நனைந்த தாள்துண்டு காட்டிக்கொடுத்தது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன்? இந்நோயை நிறுத்தும் வழி இன்று உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் வகுத்து, நோயாளிகளிடம் கண்ட பயனை 2003-இல் வெளியிட்ட முறை அது. ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் சொட்டைக் கருவிழியில் ஊறவைத்து, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், கொலாஜன் இழைகள் புதிதாகப் பிணைந்து வலுப்பெறுகின்றன. லைசில் ஆக்ஸிடேஸ் செய்யத் தவறிய வேலையை ஒளியைக் கொண்டு செய்விக்கும் உபாயம் இது. ஆனால் இது மெலிவை நிறுத்துமேயன்றி, இழந்த வடிவத்தை முற்றும் மீட்டுத் தராது. எந்நிலையில் நிறுத்துகிறோமோ, ஏறத்தாழ அந்நிலைப் பார்வையே எஞ்சும். ஆகவே ஓராண்டு முந்தி அறிவதற்கும் ஓராண்டு பிந்தி அறிவதற்கும் இடையே உள்ள வேறுபாடு, கண்ணாடியோடு படித்துத் தேறும் வாழ்வுக்கும், பிறர் தானமளித்த கருவிழிக்காகக் காத்திருக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாடாக முடியலாம். கண்ணாடியை விடுவதற்காக லேசர் அறுவை செய்துகொள்ள விரும்பும் இளைஞர்க்கும் இச்செய்தி உரியது. உள்ளே மெலிவு தொடங்கியிருப்பது அறியாமல் லேசரால் கருவிழியை மேலும் மெலிதாக்கினால், அது பிதுங்கிவிடும் அபாயம் உண்டு. அத்தகைய கண்ணை முன்னரே பிரித்தறிய, கருவிழியின் வடிவத்தைப் படமெடுக்கும் கருவிகளோடு கண்ணீரின் சான்றும் துணைநிற்க வேண்டும் என்பதே பெங்களூர் ஆராய்ச்சியாளர் கருதுவது.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் உழைப்பு நடந்திருக்கிறது. வயலில் நெல்லறுக்கும்போது தாளின் நுனி கண்ணில் பட்டு, அக்காயத்தில் பூஞ்சை வளர்ந்து புண்ணாவது நம் உழவர்க்கு நேரும் கொடுமைகளுள் ஒன்று. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தாரும், டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையாரும் இணைந்து, பூஞ்சைப் புண் உடையோரின் கண்ணீரை நலமுடையோரின் கண்ணீரோடு ஒப்பிட்டு 2008-இல் கட்டுரை வெளியிட்டனர். நோயாளிகளின் கண்ணீரில் சில புரதங்கள் குறைந்தும், சில புதிதாகத் தோன்றியும் இருந்தன. 2017-இல் அரவிந்த் ஆராய்ச்சியாளர்கள் அஸ்பெர்கில்லஸ் என்னும் பூஞ்சையால் வந்த புண்ணை மேலும் நுணுகி ஆராய்ந்து, பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் போரின் தடயங்களைக் கண்ணீரில் கண்டனர். இப்போது இந்நோயை உறுதிசெய்யப் புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்பெருக்கியில் பார்க்கின்றனர். அதுவே ஏற்ற முறை. புண் ஆறுகிறதா, ஆழமாகிறதா என்பதைக் கண்ணீரால் அறிய முடிந்தால், மருந்தை மாற்ற வேண்டிய வேளையை மருத்துவர் தவறவிடமாட்டார்.

இனிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் செய்தி. பிறந்த சில வாரங்கள் வரை குழந்தை அழுதாலும் கண்ணீர் வழிவதில்லை. எனினும் கண்ணை நனைக்கும் ஈரம் அதற்கும் உண்டு. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுதும் வளர்ந்திரா. பிறந்த பின் அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை பிரிந்து, குழந்தை வாழ்நாள் முழுதும் இருளில் மூழ்க நேரும். இதனைத் தடுக்க, 34 வாரங்களிலோ அதற்கு முன்னரோ பிறந்த குழந்தையையும், பிறப்பெடை 2,000 கிராமோ அதற்குக் குறைவோ உள்ள குழந்தையையும், பிறந்து 30 நாள்களுக்குள் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வல்லுநர் இல்லாத மாவட்டங்களிலும் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுத்து அனுப்பிச் சோதிக்கும் திட்டம் ஒன்றை நாராயண நேத்ராலயா 2008-இல் கர்நாடகத்தில் தொடங்கிற்று. அம்மருத்துவமனையார் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தகைய குழந்தைகளின் கண்ணீரில் இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் ஆஞ்சியோஜெனின், வி.இ.ஜி.எஃப். முதலிய புரதங்களை அளந்தனர். நோய் தோன்றிய குழந்தைகளுக்கும் தோன்றாத குழந்தைகளுக்கும் அவற்றின் அளவு வேறுபட்டிருக்கக் கண்டனர். கண்ணின் பின்சுவரில் நிகழும் நோயின் சுவடு முன்புற ஈரத்தில் தெரிகிறது என்பது வியப்புக்குரியது. கையளவே உள்ள அக்குழந்தைகளின் இமையை விரித்துப் பிடித்து மீண்டும் மீண்டும் சோதிப்பது பெற்றோர்க்கும் துன்பம், பிள்ளைக்கும் துன்பம். ஒரு தாள்துண்டு, எந்தக் குழந்தையை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று சொல்லுமாயின் அத்துன்பம் குறையும்.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், நாளையே மருத்துவமனைக்குச் சென்று கண்ணீரைக் கொடுத்து எல்லா நோயையும் அறிந்துகொள்ளலாம் என்று எண்ணிவிடலாகாது. இத்துறையின் குறைகளையும் கூறுவது நம் கடமை.

ஒரு புரதம் ஒரே நோயைக் குறிப்பதில்லை. எம்.எம்.பி.-9 உலர்கண்ணிலும் மிகும், கூம்புக் கருவிழியிலும் மிகும், ஒவ்வாமையிலும் மிகும். ஊரில் நாய் குரைத்தால் யாரோ வருகிறார் என்று அறியலாம். வந்தவர் திருடரா விருந்தினரா என்பதை நாய் சொல்லாது. ஆகவே பல புரதங்களைச் சேர்த்துப் பார்த்து, அவற்றின் கூட்டுக் கோலத்தால் நோயைப் பிரித்தறியும் முறையையே ஆராய்ச்சியாளர் நாடுகின்றனர். அன்றியும், கண்ணீர் நேரத்துக்கு நேரம் மாறுவது. உறக்கத்தில் மூடியிருந்த கண்ணின் நீர் வேறு. பகலில் திறந்திருந்த கண்ணின் நீர் வேறு. தாள் உறுத்தியதால் பெருகிய கண்ணீர், இயல்பான கண்ணீரை நீர்த்துப்போகச் செய்துவிடும். வயது, பழக்கம், கண்ணில் அணியும் வில்லை, விட்டுக்கொண்ட சொட்டு மருந்து ஆகிய எல்லாம் அளவை மாற்றும். ஓர் ஆய்வுக்கூடம் தாளிலும், மற்றொன்று கண்ணாடி நுண்குழாயிலும் கண்ணீரை எடுத்தால் இரண்டின் கணக்கும் ஒத்துவராது. நாம் கூறிய ஆராய்ச்சிகளிற் பல, சிறு தொகையினரைக் கொண்டு செய்யப்பட்டவை. பல ஊர்களில், பெருந்தொகையினரிடம், ஒரே முறையில் செய்து பார்த்து, முடிவுகள் ஒத்து நின்றால்தான் அவை வழக்கமான மருத்துவத்துக்கு வரும். அதுவரை, கருவிழியின் வடிவப்படமும், விழித்திரைச் சோதனையும், மருத்துவரின் விளக்கொளியுமே நோயைத் துணிவதற்கு உரிய கருவிகள். கண்ணீர் சாட்சி சொல்லும், தீர்ப்பு மருத்துவருடையது.

சாட்சியை நாமே கெடுத்துவிடாமல் இருப்பது நம் கையில் உள்ளது. கண் உறுத்தும்போது கையால் கசக்குவது நம்மில் பலருக்கு வழக்கம். ஓயாமல் கசக்குவது கூம்புக் கருவிழிக்கு வழிகோலும் காரணங்களுள் ஒன்று என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். அரிப்பு உள்ள குழந்தைக்குக் “கசக்காதே” என்று சொன்னால் மட்டும் போதாது. அரிப்புக்குக் காரணமான ஒவ்வாமைக்கு மருத்துவம் செய்ய வேண்டும். கண்ணாடியின் எண் ஓராண்டுக்குள் இரண்டு மூன்று முறை மாறினால், கருவிழியின் வடிவத்தைப் படமெடுத்துப் பார்க்கும்படி கேட்க வேண்டும். தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் இருக்கிறதே, அதனைக் கண்ணில் பீய்ச்சினால் என்ன என்று சிலர் கருதலாம். கண்ணில் தாய்ப்பாலும் இலைச்சாறும் விளக்கெண்ணெயும் விடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றும் ஒழியவில்லை. குழந்தையின் வயிற்றுக்கு அமுதமான பால், புண்பட்ட கண்ணில் கிருமிகளுக்கு உணவாகலாம். அவ்வாறே, சிவந்த கண்ணுக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, பூஞ்சைப் புண்ணாக இருந்தால் நோயை வளர்த்துவிடும். கண்ணைக் காக்க இயற்கை அமைத்த நீர் கண்ணிலேயே இருக்கிறது. அது போதாதபோது மருத்துவரே துணை.

அடுகோடியில் பாலைச் சோதித்துப் பசுவின் நலத்தை அறியும் கலை வளர்ந்தது. அதே சாலையின் மறுகோடியில், கண்ணீரைச் சோதித்து மனிதரின் கண்நலத்தை அறியும் கலை வளர்ந்துவருகிறது. முன்னது பண்ணைகளில் அன்றாட வழக்கமாகிவிட்டது. பின்னது இன்னும் ஆய்வுக்கூடத்தின் வாயிலைக் கடந்து சில அடிகளே வந்திருக்கிறது. அது சிற்றூர் மருத்துவமனையை எட்டும் நாள் வருமாயின், கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் மாணவனுக்கும், வயலில் கண் புண்பட்ட உழவனுக்கும், மாதம் நிறையாமல் வந்த பச்சிளங்குழந்தைக்கும் ஒரு சிறு தாள்துண்டு பார்வையைக் காத்துத் தரக்கூடும். அந்நாள் விரைந்து வர ஆராய்ச்சியாளர் உழைக்கட்டும். அதுவரை, கண் சொல்லும் சிறு முறையீட்டையும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நம் கடமையாகட்டும்.